சிறைக்குச் சென்ற நகரசபை

1931ஆம் ஆண்டிலே வட்டமேசை மாநாட்டின் பொருட்டு இலண்டன் மாநகருக்குச் சென்ற காந்தியடிகள், பெரிய விடுதி எதிலும் தங்க விரும்பாது, கிழக்கு இலண்டனிலே தொழிலாளர் குடியிருப்புகளின் நடுவே இருந்த கிங்ஸ்லி மண்டபம் என்னும் சமூக நிலையத்தில் ஏறக்குறைய மூன்று மாதம் வசித்தார் என்பது நம்மிற் பலர் படித்த செய்தியே. அந்த நிலையத்தைத் தம் சகோதரியுடன் சேர்ந்து நிறுவிய மியூரியல் லெஸ்டர் அம்மையார் அப்பகுதியின் நகரசபையிலும் 1920களில் பணியாற்றியவர். அந்த நகரசபையின் பெயர் பொப்லர். காந்தியடிகள் அங்கே சென்று தங்குவதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்னரே, சட்டத்தை வெளிப்படையாக மறுத்து, அதற்குரிய தண்டனையைத் தாமாகவே ஏற்றுச் சிறை புகுந்த முப்பது பேரை அந்தச் சபை உலகுக்குக் காட்டியிருந்தது. அந்த முப்பது பேரும் புரட்சிக்காரர் அல்லர். மக்கள் வாக்களித்து அனுப்பிய சபை அங்கத்தவர்கள். அவர்களை அந்நிலைக்குக் கொணர்ந்த ஒரு தேர்தலைப் பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

அக்காலத்தில் இலண்டன் மாநகரம், பழைய நகரப்பகுதி நீங்கலாக, இருபத்தெட்டு நகரப் பிரிவுகளாக வகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி நகரசபை உண்டு. தேம்ஸ் நதியின் வடகரையில் அமைந்த பொப்லர் அவற்றுள் ஒன்று. 1802இல் திறக்கப்பட்ட மேற்கிந்தியத் துறையும், 1806இல் திறக்கப்பட்ட கிழக்கிந்தியத் துறையும் அதன் எல்லைக்குள்ளேயே இருந்தன. கீழைத்தேயங்களின் செல்வம் மரக்கலங்களில் வந்திறங்கிய இடம் அது. ஆயின், அச்செல்வத்தைத் தோளிலே சுமந்து கரைசேர்த்தவன் அன்றாடங்காய்ச்சியாகவே வாழ்ந்தான். விடியற்காலையில் துறைமுக வாயிலிலே கூட்டமாக நிற்பார்கள். மேற்பார்வையாளன் கைகாட்டி அழைத்தவனுக்கு அரைநாள் வேலை. மற்றவன் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டியதுதான். கொழும்புத் துறைமுகத்தின் பழைய நாட்களை அறிந்த முதியோருக்கு இந்தக் காட்சியை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இத்தகைய ஊரிலே, நகரசபையின் அதிகாரம் நெடுங்காலம் வரியிறுக்கும் வர்த்தகர் முதலியோரின் நலனைப் பேணுவோரிடமே இருந்தது. தொழிலாளர் தலைவரான வில் குரூக்ஸ் என்பவர் 1901இலேயே அங்கு மேயராகத் தெரிவு செய்யப்பட்டதுண்டு. எனினும் சபையின் பெரும்பான்மை அவர் பக்கத்தில் இருக்கவில்லை. மேயரின் பொற்சங்கிலி ஒருவர் கழுத்திலும், வாக்குப் பலம் மற்றொருவர் கையிலும் இருக்குமாயின், அந்தச் சங்கிலி அணிகலன் மாத்திரமே.

இந்நிலை மாறுவதற்கு முதற் காரணமாக இருந்தது 1918ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம். பெண்களிற் பலருக்கு முதன்முறையாகப் பாராளுமன்ற வாக்குரிமை வழங்கிய சட்டம் என்றே இதனைப் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. அதே சட்டத்தில் ஒதுக்குப்புறமாக இருந்த மற்றொரு பிரிவு பொப்லரைப் பொறுத்தவரை மிகப் பெரியது. அதற்கு முன்னர், பொதுப்பணத்திலிருந்து வறியோர் உதவி பெற்றவன் வாக்களிக்கும் தகுதியை இழந்துவிடுவான். வேலையற்ற காலத்திலே பிள்ளைகளுக்குப் பாண் வாங்க உதவி கேட்டான் என்பதற்காகவே அவன் குடிமகன் அல்லன் ஆகிவிடுவான். அந்த இழுக்கை 1918ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கிற்று. உள்ளூராட்சித் தேர்தலிலும் வீட்டு வாடகைக்காரர், முப்பது வயது கடந்த அவர்தம் மனைவியர் ஆகியோர் பெருந்தொகையாக வாக்காளர் இடாப்பிலே சேர்ந்தனர்.

முதல் உலகப் போர் காரணமாக 1912ஆம் ஆண்டின் பின்னர் நகரசபைத் தேர்தல் நடைபெறவில்லை. ஏழாண்டு கழித்து, 1919ஆம் ஆண்டு நவம்பர் மாதம் தேர்தல் வந்தது. பொப்லரில் இருந்த 42 இடங்களில் 39 இடங்களைத் தொழிற்கட்சி வென்றது. ஒரே நாளில் சபை முற்றாகக் கைமாறியது. துறைமுகத் தொழிலாளரும், இரயில்வே ஊழியரும், கூலி வேலை செய்வோரும் அங்கத்தவர் ஆசனங்களில் அமர்ந்தனர். பெண்களும் இருந்தனர். மேயராக ஜோர்ஜ் லான்ஸ்பரி தெரிவானார்.

லான்ஸ்பரியைப் பற்றிச் சில வார்த்தை சொல்லாமல் அப்பாற் செல்ல இயலாது. 1859இற் பிறந்தவர், இளமையிலே குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்து, அங்கே வாக்களிக்கப்பட்ட வாழ்வைக் காணாது திரும்பி வந்தவர், ஆழ்ந்த கிறிஸ்தவ பக்தர், 'டெயிலி ஹெரால்ட்' பத்திரிகையின் ஆசிரியர். 1910இல் பாராளுமன்ற உறுப்பினரானவர், பெண்கள் வாக்குரிமையின் பொருட்டு 1912இலே தம் பதவியைத் தாமே துறந்து, அதே கொள்கையை முன்வைத்து இடைத்தேர்தலில் நின்று தோற்றார். பதவியைப் பிடித்துக்கொண்டு கொள்கையை நழுவ விடுவோர் எந்நாட்டிலும் மலிந்திருக்க, இவர் மாறாகச் செய்தவர். இதனை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னர் நிகழ்ந்தவை வியப்பாகத் தோன்றா.

புதிய சபை தூங்கவில்லை. தாய்சேய் நலம், காசநோய்ச் சிகிச்சை, குடியிருப்பு, நூல்நிலையம், குளிப்பிடம் எனப் பல துறைகளிலும் பணத்தைச் செலவிட்டது. தனது ஊழியர்க்கு வாரத்துக்கு நான்கு பவுண் குறைந்தபட்சக் கூலி என்று 1920இல் விதித்தது. அதனை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே அளவினதாக வைத்தது. அக்காலத்திலே பலருடைய புருவத்தை உயர்த்தியது தொகையன்று, இந்தச் சமத்துவமே.

ஆனால் 1920ஆம் ஆண்டின் இறுதியிலே வர்த்தக மந்தம் வந்தது. துறைமுகங்கள் வெறிச்சோடின. வேலையிழந்தோர் வறியோர் பரிபாலன சபையின் வாயிலில் நின்றனர். இங்கேதான் நேயர்கள் சிறிது பொறுமையாகக் கேட்கவேண்டிய ஒரு கணக்கு இருக்கிறது. கணக்கென்றதும் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். இது எளிய கணக்கு.

நம்மவர் சோலைவரி என்றும் ஆதனவரி என்றும் வழங்கும் வரியே அந்நகரசபைகளின் வருவாய். கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதியில் ஒவ்வொரு பவுணுக்கும் இத்தனை பென்னி என்று வரி விதிப்பார்கள். பவுணுக்கு ஒரு பென்னி விதித்தால், அரண்மனைகளும் பெருவணிக நிலையங்களும் நிறைந்த வெஸ்ட்மினிஸ்டர் பிரிவிலே முப்பதினாயிரம் பவுண் அளவில் திரளும். அதே ஒரு பென்னி பொப்லரிலே மூவாயிரத்துச் சொச்சம் பவுணையே தரும். ஏறக்குறைய ஒன்பது மடங்கு வேறுபாடு. இதனை நம் ஊர் நிலைக்கு வைத்துப் பாருங்கள். இரு குறிச்சிகள், ஒன்றில் எல்லாம் கல்வீடுகள், மற்றதில் எல்லாம் ஓலைக்குடிசைகள். அந்தந்தக் குறிச்சியின் ஏழைகளுக்கு அந்தந்தக் குறிச்சியாரே கஞ்சி ஊற்றவேண்டும் என்று ஊர்ச்சபை தீர்ப்பளிக்கிறது. கல்வீட்டுக் குறிச்சியில் ஏழை ஒருவனும் இல்லை. ஆகவே அவர்களுக்குச் செலவும் இல்லை. குடிசைக் குறிச்சியிலோ, பாதிக் குடிசை மறுபாதிக் குடிசைக்குக் கஞ்சி ஊற்றவேண்டும். இலண்டனின் வறியோர் சட்டம் இவ்வாறே இயங்கியது. வறியோர் விடுதிக்குள் வைத்துப் பராமரிக்கப்பட்டோருக்காக 1867ஆம் ஆண்டு முதல் ஒரு பொதுநிதி இருந்தது உண்மை. ஆயின், தம் வீட்டிலேயே இருந்து உதவி பெறும் வேலையற்றோரின் சுமை அந்தந்தப் பகுதியின் தலையிலேயே விழுந்தது.

இதற்கும் மேலாக, ஒவ்வொரு நகரசபையும் தன் மக்களிடம் வரி திரட்டி, மாநகரம் முழுவதற்கும் பொதுவான நான்கு அமைப்புகளுக்குக் கொடுக்கவேண்டும். இலண்டன் கவுண்டி சபை, பொலிஸ், நீர் வழங்கற் சபை, தொற்றுநோய் மருத்துவமனைகளை நடத்திய சபை என்பன அவை. கேட்கும் தொகையைக் கேட்டபடி கொடுக்கவேண்டும் என்பதே சட்டம்.

1921ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே பொப்லர் நகரசபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. எங்கள் பகுதியின் தேவைக்கும், எங்கள் ஏழைகளின் தேவைக்கும் உரிய வரியை விதிப்போம். அந்த நான்கு அமைப்புகளுக்கும் உரிய பங்கை எங்கள் மக்களிடம் திரட்டமாட்டோம் என்பதே அத்தீர்மானம். பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு அவர்கள் கொடுக்க மறுக்கவில்லை; வாங்கவே மறுத்தார்கள். இந்த நுண்ணிய வேறுபாட்டை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

கவுண்டி சபையும் மருத்துவமனைச் சபையும் நீதிமன்றம் சென்றன. யூலை 29ஆம் திகதி விசாரணை. அன்று பொப்லரிலிருந்து உயர் நீதிமன்றம் வரை ஏறக்குறைய ஐந்து மைல் தூரம் சபையார் ஊர்வலமாக நடந்தே சென்றனர். முன்னே செங்கோல் தாங்கியவர். அவரை அடுத்து, அப்போது மேயராக இருந்த சாம் மார்ச், பதவிச் சங்கிலி அணிந்து வந்தார். பின்னே அங்கத்தவர்களும், வேலையற்றோர் உட்பட ஈராயிரம் மக்களும். உயர் நீதிமன்றத்துக்கும், ஒருவேளை சிறைக்கும் செல்லும் நகரசபை என்று அவர்கள் தாங்கிய பதாகை கூறிற்று. குற்றவாளியாக அழைக்கப்பட்டவர்கள் தம் பதவிச் சின்னங்களோடு செல்வது விநோதமாகத் தோன்றலாம். நாங்கள் தனியாட்களாக வரவில்லை, எங்களைத் தெரிந்தனுப்பிய மக்களாகவே வருகின்றோம் என்பதற்கு அதனினும் தெளிவான அறிக்கை ஏது?

வரியை விதிக்குமாறு நீதிமன்றம் பணித்தது. அவர்கள் பணியவில்லை. செப்டெம்பர் முதலாந் திகதி தொடங்கிச் சில நாட்களுள் முப்பது பேர் நீதிமன்ற அவமதிப்பின் பேரிற் கைதாயினர். ஆண்கள் 25 பேர் பிரிக்ஸ்டன் சிறைக்கும், பெண்கள் ஐவர் ஹொலோவே சிறைக்கும் சென்றனர். அந்த ஐவரின் பெயரையும் சொல்லுதல் தகும்: சூசன் லோரன்ஸ், ஜூலியா ஸ்கர், நெல்லி கிரெசல், ஜெனி மக்கே, மின்னி லான்ஸ்பரி. சூசன் லோரன்ஸ் செல்வக் குடும்பத்திற் பிறந்தவர். முன்னர் பழமைபேண் கட்சியின் சார்பில் கவுண்டி சபையில் இருந்தவர். நெல்லி கிரெசல் அப்போது நிறைமாதக் கர்ப்பிணி. நிறைமாதப் பெண்ணைச் சிறையில் வைத்திருப்பது அரசாங்கத்துக்கே சங்கடமாயிற்று. அவரை முன்னதாகவே விடுவித்தனர்.

சிறைக்குள் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. நகரசபையின் அலுவல்கள் நின்றுபோகலாகாதே! ஆகவே பிரிக்ஸ்டன் சிறையினுள்ளேயே நகரசபைக் கூட்டம் நடத்த அனுமதி பெற்றனர். ஹொலோவேயிலிருந்து பெண் அங்கத்தவர்களை வாகனத்தில் ஏற்றிவந்து கூட்டத்தில் இருத்தினர். சிறைச்சாலை அதிகாரிகளின் பாதுகாப்பிலே, சட்டத்தை மீறியமைக்காக அடைக்கப்பட்டோர், சட்டப்படி நகரசபைக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருந்தனர்! வெளியே கூடி நின்ற மக்களுக்குச் சாளரக் கம்பிகளின் ஊடாக லான்ஸ்பரி பேசினார்.

இவர்கள் செய்தது சரியா? இவ்வினா அன்றே தொழிற்கட்சியை இரண்டாகப் பிரித்தது. ஹக்னி நகரப் பிரிவின் மேயராகவும், இலண்டன் தொழிற்கட்சியின் செயலாளராகவும் இருந்த ஹேர்பேட் மொரிசன் இந்த வழியை ஏற்கவில்லை. ஆட்சிப் பொறுப்பேற்க விரும்பும் கட்சி, சட்டத்தைக் காத்து நடக்கும் தகுதி தனக்குண்டென்று காட்டவேண்டும். இன்று நாம் சட்டத்தை மீறினால், நாளை நாம் இயற்றும் சட்டத்தை நம் எதிரிகள் மீறமாட்டார்களா என்பது அவர் போன்றோரின் கட்சி. அண்டைப் பகுதிகளான பெத்னல் கிறீனும் ஸ்டெப்னியுமோ பொப்லரைப் பின்பற்றத் தீர்மானித்தன. அதற்கு முந்திய ஆண்டு ஸ்டெப்னியின் மேயராக இருந்தவர், பின்னாளில் பிரித்தானியப் பிரதமராகிய கிளெமென்ட் அட்லி.

ஒரு பாடசாலையின் அதிபராக, விதிகளை வகுத்து அவற்றைக் காக்கும் கடமையிலே நெடுங்காலம் கழித்தவன் நான். உண்மையைச் சொல்வதானால், இவ்வரலாற்றை முதலிற் படித்தபோது என் மனம் மொரிசன் பக்கமே சாய்ந்தது. வரி கொடுக்க விருப்பமில்லை என்று ஒரு சபை முடிவு செய்தால், மாநகரத்தின் மருத்துவமனை எவ்வாறு நடக்கும்? அதனினும் கூரிய ஐயம் ஒன்று உண்டு. செல்வர் வாழும் நகரப் பிரிவொன்று, எங்கள் பணம் ஏழைப் பகுதிக்குப் போகக்கூடாது என்று சொல்லி இதே ஆயுதத்தை எடுத்திருந்தால், அவர்களையும் வீரர் என்போமா? அவர்களையும் மக்களே தெரிந்தனுப்பியிருப்பார்கள் அல்லவா?

இந்த ஐயம் என்னை விட்டு முற்றாக அகன்றதாகக் கூறமாட்டேன். ஆயினும் பொப்லரின் செயலை மறுபடி மறுபடி எண்ணும்போது இரண்டு செய்திகள் எனக்குத் தெளிவாகின்றன. ஒன்று, அவர்களுக்குத் தேர்தலிலே கிடைத்த அதிகாரம் உண்மையில் அரைகுறை அதிகாரம். சபை கைமாறியது, பணப்பை கைமாறவில்லை. ஏழைகளே ஏழைகளைத் தாங்கவேண்டும் என்ற விதியைப் பொப்லர் வாக்காளர் எத்தனை தேர்தலில் வென்றாலும் தம் சபையின் மூலம் மாற்றியிருக்க முடியாது. இரண்டாவது, அவர்கள் ஒளித்துச் செய்யவில்லை. தண்டனையிலிருந்து தப்ப முயலவுமில்லை. அரச கட்டளையை மீறுவோன் அதற்குரிய விலையைத் தானே கொடுக்க முன்வரும்போது, அவன் சட்டத்தை இகழ்கின்றான் என்று சொல்ல என் நா எழவில்லை. செல்வப் பகுதியின் சபையார் எவரேனும் தம் பென்னிகளின் பொருட்டு ஆறு வாரம் சிறைக் கஞ்சி குடிக்க முன்வருவாராயின், அவரைப் பற்றி அப்போது யோசிக்கலாம்.

ஆறு வாரம் என்றேன். அத்தனை நாளே அவர்கள் சிறையில் இருந்தனர். அரசாங்கத்துக்கு வழி தெரியவில்லை. பிரதமர் லொயிட் ஜோர்ஜ் ஸ்கொத்லாந்திலே ஓய்வில் இருந்தார். பொப்லரின் வழியை ஏற்காத மொரிசனே ஏனைய தொழிற்கட்சி மேயர்களையும் அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் சென்று அவரிடம் முறையிட்டார். கருத்து வேறுபாடு வேறு, தோழமை வேறு என்பதை அறிந்த அக்காலத்து அரசியலாளரைப் பார்த்துப் பொறாமைப்படத் தோன்றுகிறது. இறுதியிலே, மன்னிப்பு எதுவும் கேளாமலே, ஒக்டோபர் 12ஆம் திகதி அவர்கள் விடுதலையாயினர். சுகாதார அமைச்சர் அல்பிரட் மொண்ட் மாநாடு கூட்டினார். அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் உள்ளூர் அதிகார சபைகளின் நிதி ஏற்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. வீட்டிலிருந்து உதவி பெறும் வேலையற்றோரின் செலவும் இலண்டன் முழுவதற்குமுரிய பொதுநிதியில் அதன்பின் பெரும்பாலும் பங்கிடப்பட்டது. கல்வீட்டுக் குறிச்சியும் கஞ்சித்தொட்டிக்கு அரிசி கொடுக்க நேர்ந்தது.

வெற்றிக்கு விலை இருந்தது. மின்னி லான்ஸ்பரி, ஜோர்ஜ் லான்ஸ்பரியின் மருமகள். யூதக் குடியேறிகளின் மகளாகப் பிறந்து, ஆசிரியராகப் பணியாற்றி, போர்க்காலத்திலே அப்பணியை விட்டுப் பெண்கள் வாக்குரிமை இயக்கத்தில் முழுநேரமாக உழைத்தவர். சிறையினின்றும் வந்த மூன்றாம் மாதத்திலே, 1922ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி நுரையீரல் அழற்சியால் இறந்தார். வயது 32. அவர் நினைவாகப் போ வீதி என்னும் தெருவிலே ஒரு கடிகாரம் நிறுவப்பட்டுள்ளது.

1922இல் மறுபடியும் நகரசபைத் தேர்தல் வந்தது. இலண்டனின் பல பகுதிகளிலே தொழிற்கட்சி பெருந்தோல்வி கண்ட ஆண்டு அது. முன்னர் வென்ற சபைகள் பலவற்றை இழந்தது. பொப்லர் மக்கள் தம் சபையைக் கைவிடவில்லை. ஆயினும் நீதிமன்றத்தோடு பிணக்கு ஓயவில்லை. விலைவாசி இறங்கிய பின்னரும் நான்கு பவுண் கூலியை மாற்றாது கொடுத்தமை நியாயமற்ற செலவென்று கணக்குப் பரிசோதகர் 5,000 பவுணை அங்கத்தவர் தலையிலேயே சுமத்தினார். சபை தான் தகுதியெனக் கருதும் கூலியைக் கொடுக்கலாம் என்றே சட்டம் சொல்லியிருந்தது. எனினும் 1925இலே பிரபுக்கள் சபை, அந்தத் தகுதிக்கும் ஓர் அளவுண்டு என்று தீர்ப்பளித்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சமகூலி கொடுத்தமையையும் சாடியது. பிற்காலத்துச் சட்ட மாணவர் பலர் பொப்லர் என்னும் பெயரை அறிந்துகொண்டது இந்தத் தோல்வியினாலேதான்.

லான்ஸ்பரி 1929இல் அமைந்த தொழிற்கட்சி அரசாங்கத்தில் அமைச்சரானார். அவ்வரசாங்கத்தின் காலத்திலேயே, 1931இல், டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் நம் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தது. அதற்கு முந்திய ஆண்டு இங்கிலாந்திலே வறியோர் பரிபாலன சபைகள் கலைக்கப்பட்டன. இலண்டனின் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பு முழுவதும், முன்னர் பொப்லர் அங்கத்தவர்மீது வழக்குத் தொடுத்த அதே கவுண்டி சபையின் கையிற் சேர்ந்தது. நான்காண்டு கழித்து, 1934இலே, அந்தச் சபையும் தேர்தலிற் கைமாறியது. அதன் தலைவராக வந்து அமர்ந்தவர் ஹேர்பேட் மொரிசன்.